கோடீஸ்வரன் கட்டட்டும், நமக்கென்ன?

2025 ஜூலையில் மும்பையில் டெஸ்லா கார் ஷோரூம் திறந்தார்கள். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் சுமார் 45 ஆயிரம் டாலருக்கு, அதாவது அன்றைய கணக்கில் 39 லட்ச ரூபாய்க்குள் விற்ற மாடல் ஒய், இங்கே 59 லட்சத்து 89 ஆயிரம். ஷாங்காயில் அசெம்பிள் ஆகி, கப்பலேறி வந்த கார். இடையில் ஏறிய தொகையில் கப்பல் வாடகை கொஞ்சம்தான். மீதியில் பெரும்பகுதி இறக்குமதி வரி.

அன்றைக்கு என் நண்பர் ஒருவர், 2012-ல் வாங்கிய தன் சின்னக் காரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கோடீஸ்வரன்தானே சார் வாங்குறான், நல்லா கட்டட்டும். நமக்கென்ன?”

நியாயமான பேச்சு மாதிரிதான் இருக்கிறது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள். ஆனால், நாம் எல்லோரும் ‘நமக்கென்ன’ என்று இருப்பது பல பேருக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் கணக்கு. துறைமுகத்தில் இறங்கும்போது 40 லட்ச ரூபாய் மதிப்புள்ள பெரிய பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 40 ஆயிரம் டாலரைத் தாண்டியது என்பதால், 2025 பட்ஜெட் கணக்குப்படி இறக்குமதி வரி மொத்தம் 110 சதவிகிதம். அதாவது 44 லட்சம். ஆச்சா, 84 லட்சம். அதன் மேல் 2025 செப்டம்பரில் பெரிய கார்களுக்கு நிர்ணயித்த 40 சதவிகித ஜி.எஸ்.டி. 33 லட்சத்து 60 ஆயிரம். கவனியுங்கள், காருக்கு மட்டும் வரி இல்லை. ஏற்கெனவே கட்டிய வரிக்கும் வரி! இப்போது 1 கோடியே 17 லட்சத்து 60 ஆயிரம். தமிழ்நாட்டில் ஓட்ட வேண்டுமென்றால் 20 சதவிகிதம் சாலை வரி. டீலர் லாபம், இன்ஷூரன்ஸ் எதுவும் சேர்க்காமலே 1 கோடியே 41 லட்சம் ஆகிவிட்டது. கார் 40 லட்சம். வரி ஒரு கோடிக்கும் மேல்.

அந்த 110 சதவிகிதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும். 70 சதவிகிதம் அடிப்படை சுங்க வரி. மீதி 40 சதவிகிதத்தின் பெயர், ‘விவசாய உள்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு செஸ்’. சொகுசுக் காருக்கும் நெல் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அந்த பட்ஜெட்டுக்கு முன்னால் 100 சதவிகிதம் அடிப்படை வரி, 10 சதவிகிதம் சமூக நல சர்சார்ஜ் என்று இருந்தது. கூட்டினால் அதே 110. வாங்குபவருக்கு ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பின் எதற்கு மாற்றினார்கள்? அடிப்படை சுங்க வரியில் மாநிலங்களுக்குப் பங்கு தர வேண்டும். செஸ்ஸில் தர வேண்டியதில்லை. நூறு ரூபாயைப் பங்கு போட வேண்டிய இடத்தில், இனி எழுபது ரூபாயைப் போட்டால் போதும். நோக்கம் என்ன என்று நான் சொல்லப் போவதில்லை. விளைவு இதுதான்.

சரி, இதெல்லாம் அரசாங்கங்களின் கொடுக்கல் வாங்கல். நமக்கு நேரடியாக வலிக்கும் இடம் வேறு. இறக்குமதி வரி என்பது ஒரு சுவர். சுவருக்கு வெளியே நிற்கும் காரை நாம் வாங்க மாட்டோம். ஆனால், சுவருக்கு உள்ளே விற்கும் காரைத்தானே வாங்குகிறோம்? வெளிப் போட்டி வராது என்று தெரிந்த பிறகு, உள்ளே இருப்பவர் எதற்காக மெனக்கெட வேண்டும்?

இதற்கு நம் வீட்டுப் பெரியவர்களே சாட்சி. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களின் தொடக்கத்திலேயே, இங்கே முழுசாகத் தயாரிக்கத் திட்டம் இல்லாத கார் கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசு சொல்லிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. பிரிட்டனின் பழைய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்துச் செய்த அம்பாசடர், 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. புக் பண்ணிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அரை நூற்றாண்டில் உருப்படியாக என்ன மாறியது என்று ஓட்டியவர்களைக் கேளுங்கள்.

அதனால் சுவரை இடித்துவிடு என்று சொல்கிறேனா? இல்லை. அது அறியாமை. 1996-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு ஹூண்டாய் வந்தது நம் ஊர் இட்லி சாம்பாருக்காக அல்ல. இங்கே பெரிய சந்தை இருந்தது. காரை முழுசாகக் கொண்டுவந்து விற்றால் வரி கட்டி மாளாது. அதனால் தொழிற்சாலையே வந்தது. சுற்றுவட்டாரத்தில் உதிரி பாகக் கம்பெனிகள் வந்தன. ஒரு தலைமுறைக்கு வேலை கிடைத்தது.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1980-களில் 57.5 சதவிகிதம் வரை இருந்த கார் வரியைப் படிப்படியாகக் குறைத்து, 2010-ல் 5 சதவிகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2016-ல் ஃபோர்டு ஆலையை மூடியது. 2017 அக்டோபரில் டொயோட்டாவும் ஹோல்டனும் மூடின. வரி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நாட்டில் கார் தொழிற்சாலையே இல்லாமல் போனது.

அப்படியானால் சுவர் இருந்தால் போதுமா? 2022-ல் மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தி நின்றதே, அப்போதும் சுவர் இருந்ததே!

சுவர் என்பது ஒரு பேரம். ‘உனக்கு நான் வெளிப் போட்டி இல்லாத சந்தை தருகிறேன். பதிலுக்கு நீ எனக்கு வேலையும் தொழில்நுட்பமும் நல்ல காரும் தர வேண்டும்’ என்பதுதான் அந்தப் பேரம். நாம் நம் பக்கத்தைத் தவறாமல் கொடுத்துவிட்டோம். பதிலுக்கு என்ன வந்தது என்று யாராவது கேட்டோமா?

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கும் ஐந்து சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களை வாங்கி மோதவைத்துப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம் ஸ்டார். அதில் இரண்டு நம் ஊர்த் தயாரிப்பு. ஸ்ரீபெரும்புதூர் ஐ10, மறைமலை நகர் ஃபிகோ. இதே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கப்பலேறி ஐரோப்பா போன ஐ10-ல் ஏர்பேக் இருந்தது. அங்கே நடந்த 2008 சோதனையில் 4 ஸ்டார் வாங்கியது. வேறு சோதனை, வேறு வசதிகள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ‘வேறு வசதிகள்’தானே கேள்வியே! செய்யத் தெரிந்த கை அதே கைதான். வெள்ளைக்காரன் நெஞ்சுக்கு ஏர்பேக், நம் நெஞ்சுக்கு ஸ்டீயரிங்.

“இந்தியர்கள் விலை குறைவாகத்தான் கேட்கிறார்கள்” என்பார்கள். சரி, 2019 ஜூலையில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று சட்டம் வந்ததே, கம்பெனிகள் ஓடிவிட்டனவா? கட்டாயப்படுத்தினால் செய்கிறார்கள். கட்டாயப்படுத்த அத்தனை வருஷம் ஏன் ஆனது?

இன்னொரு விஷயம். இந்தச் சுவரில் அவ்வப்போது கதவு திறக்கிறார்கள். யாருக்கு?

டான் பிராட்மனின் 29 சதங்களைத் தொட்டதற்காக சச்சினுக்கு ஃபெராரி பரிசாக வந்தது. 2003-ல் மத்திய அரசு 1 கோடியே 13 லட்ச ரூபாய் வரியைத் தள்ளுபடி செய்தது. விவகாரம் கோர்ட் வரை போய், கடைசியில் ஃபியட் கம்பெனி அந்த வரியைக் கட்டியது. அது ஒரு காருக்குத் திறந்த கதவு. 2024 மார்ச்சில் மின்சார கார்களுக்கு ஒரு கதவு. 4,150 கோடி முதலீடு செய்வதாக உறுதி தந்தால், வருஷத்துக்கு 8,000 கார் வரை 15 சதவிகித வரியில் கொண்டுவரலாம். ஆனால் கார் 35 ஆயிரம் டாலருக்குக் குறைந்திருக்கக் கூடாது! 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கை வரை வரி 10 சதவிகிதத்துக்கு இறங்கும். 2026 ஜனவரியில் பேசி முடித்ததாக அறிவித்த ஐரோப்பிய ஒப்பந்தத்திலும் படிப்படியாக அதே 10 சதவிகிதம். இந்தக் கதவுகள் வழியாக முக்கியமாக எவை வரப்போகின்றன? ரேஞ்ச் ரோவர், பென்ஸ், பி.எம்.டபிள்யூ.

புரிகிறதா வேடிக்கை? ‘பணக்காரன் கட்டட்டும்’ என்று நம்மிடம் சொல்லிக் கட்டிய சுவரில், கதவு எல்லாம் பணக்காரனின் கார் நுழையும் அளவுக்கு அளந்து வைத்தது. நாம் வாங்கும் சின்னக் காரின் பக்கம் சுவர் அப்படியே நிற்கிறது.

நிற்கட்டும். ஆனால் மூன்று விஷயங்கள் வேண்டும். ஒன்று, எந்தப் பாதுகாப்பு வரியாக இருந்தாலும் அதற்கு முடிவுத் தேதி எழுதிப் போட வேண்டும். மாத்திரை அட்டையிலேயே காலாவதி தேதி இருக்கிறது, வரிக்கு இருக்கக் கூடாதா? இரண்டு, சுவருக்குள் விற்கும் கம்பெனி, ஏற்றுமதி செய்யும் காரில் தருகிற பாதுகாப்பை இங்கேயும் தந்தாக வேண்டும். மூன்று, சலுகை வாங்கிய ஒவ்வொரு கம்பெனியும் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை கொடுத்தது, காரில் எவ்வளவு பாகம் இங்கே செய்தது என்ற கணக்கை வருஷா வருஷம் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைக் கேளுங்கள். முழிப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

நண்பரிடம் அன்றைக்கு நான் வாதம் பண்ணவில்லை. அவர் துடைத்து முடிக்கும் வரை நின்று, ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

“உங்க கார்ல ஏர்பேக் இருக்கா சார்?”

துணியை உதறிக்கொண்டே யோசித்தார். “அந்த மாடல்ல கிடையாது சார்” என்றார்.