செம்பட்டைக்கு நீலம் போடும் முன்

சில மாசத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கடை சாத்துகிற நேரத்துக்கு ஒரு அம்மாவும் பொண்ணும் வந்தார்கள். பொண்ணின் தலையில் துப்பட்டா. வெயிலுக்குப் போட்டது என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் எடுக்கவில்லை. "அக்கா, சிரிக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு மெல்ல இறக்கினாள்.

உச்சியில் இரண்டு விரற்கடைக்கு மஞ்சள் கலந்த ஆரஞ்சு. அதற்குக் கீழே முதுகு வரைக்கும் புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடத்தின் நிறம். நுனியில் மட்டும் கருஞ்சிவப்பு. "கல்யாணத்துக்குப் பத்து நாள்தானுங்க இருக்குது. செம்பட்டையாட்டம் ஆக்கி உட்டுட்டாங்க" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொண்ணு போனை நீட்டினாள். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், சாம்பல் பூத்த பழுப்பு முடியோடு. வேறொரு பார்லரில் இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாள். "பண்ணிரலாம்" என்றார்களாம். மூன்று மணி நேரம், ஏழாயிரம் ரூபாய்.

கோவை வடவள்ளியில் 19 வருஷமாகப் பார்லர் நடத்துகிறேன். மாசத்துக்கு இரண்டு துப்பட்டாத் தலைகளாவது வந்துவிடும். அங்கே கை செய்த தப்பு கொஞ்சம்தான்; வாய் சொல்லாமல் விட்டதுதான் பெரிய தப்பு. கறுப்பு முடியை வெளுத்தால் உள்ளிருந்து சிவப்பும் ஆரஞ்சும் கிளம்பும். அதைச் சொல்லாமல் யாரும் ப்ளீச் கலக்கக் கூடாது. இதுதான் என் கட்சி.

முடிக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதில் இரண்டு வகை. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். ப்ளீச் பட்டதும் முதலாவது சீக்கிரம் சிதைந்துவிடும். இரண்டாவது பிடிவாதக்காரி, லேசில் போகமாட்டாள். அதனால்தான் கறுப்பு முடி வெளுக்கும்போது செம்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, பொன்மஞ்சள், வெளிர்மஞ்சள் என்று வரிசையாக நிறம் மாறுகிறது. எங்கள் தொழிலில் முடியின் அடர்த்திக்கு 1 முதல் 10 வரை எண் வைத்திருக்கிறோம். 1 கறுப்பு, 10 மிக வெளிர். நம் ஊர் முடி பெரும்பாலும் 1 முதல் 3-க்குள் இருக்கும். போனில் காட்டுகிற ஆஷ் பிரவுன் 6 அல்லது 7. நடுவில் ஆரஞ்சு ஸ்டேஷனில் நிற்காமல் போகிற வண்டி கிடையாது.

அந்தப் பொண்ணுக்கு உச்சி மட்டும் ஏன் அவ்வளவு மஞ்சள்? மண்டைச் சூடு. வேர்ப்பக்கம் ப்ளீச் வேகமாக வேலை செய்யும். ஆகவே நடு நீளத்துக்கு முதலில் பூசி, வேருக்குக் கடைசியில் பூச வேண்டும். அங்கே வேரிலிருந்தே ஆரம்பித்திருக்கிறார்கள். அதுவும் 40 வால்யூம் டெவலப்பரில். பாட்டிலில் எண்ணைப் பார்த்ததாக அவளே சொன்னாள். 40 வால்யூம் என்றால் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. 20 வால்யூமில் இருப்பது 6 சதவீதம்தான். நிதானமாகச் செய்ய அதுவே போதும்.

சரி, வந்த ஆரஞ்சை எப்படி அடக்குவது? பதில் எங்கள் அம்மாயி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டு வாசலிலேயே இருந்தது. தாத்தா அப்புச்சிக்கு வெள்ளை வேட்டி தவிர வேறு தெரியாது. வேட்டி பழுப்பேறினால் அம்மாயி நீலம் போடும். சொட்டு நீலம் என்று சொல்கிறோமே தவிர, புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அது ஊதா. மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா. இரண்டும் சேர்ந்தால் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது, வேட்டி வெள்ளையாகத் தெரியும். ஆரஞ்சுக்கு எதிர் நீலம், சிவப்புக்கு எதிர் பச்சை. ஆஷ் என்று ஷேட் கார்டில் போட்டிருப்பது பெரும்பாலும் இந்த நீலச் சாயல் கலந்த கலர்தான். 6.1 என்று டியூபில் இருந்தால், புள்ளிக்கு முன்னால் இருப்பது அடர்த்தி, பின்னால் இருப்பது சாயல். பல கம்பெனிகளில் 1 என்றால் ஆஷ், 3 என்றால் கோல்டு.

அம்மாயியிடம் இரண்டு சட்டம் உண்டு. அழுக்குப் போகாத துணிக்கு நீலம் போடக் கூடாது. பக்கெட் தண்ணீரில் கலக்காமல் துணி மேல் சொட்டக் கூடாது. முதல் சட்டத்தை மீறினால் நீலம் வீண். இரண்டாவதை மீறினால் வேட்டியில் திட்டுத் திட்டாக நீலம். முடியிலும் இதே கதை. போதுமான அளவு வெளுக்காத செம்பழுப்பு முடியின் மேல் ஆஷ் போட்டால் சேற்று நிறம் வரும். அளவு மீறிப் போட்டால் கறுத்துப் போகும்.

எனக்கு இது அடிபட்டுத்தான் தெரிந்தது. கடை தொடங்கிய மூன்றாம் வருஷம், ஒரு டீச்சருக்கு ஹைலைட்ஸ் போட்டேன். முடி நல்ல மஞ்சளுக்கு வந்துவிட்டது. அதற்கு ஊதா போட வேண்டியவள், பழக்க தோஷத்தில் நீல ஆஷைப் பூசிவிட்டேன். கழுவிப் பார்த்தால் கிணற்றுப் பாசி! மஞ்சளில் நீலம் சேர்ந்தால் பச்சை என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அந்த டீச்சர் கத்தவில்லை. "ஒரு இடத்தில போட்டுப் பார்த்திருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான். காசு வாங்காமல் இரண்டு தடவை சரிசெய்து கொடுத்தேன். அவர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் இன்று வரை பிழைப்பாக வைத்திருக்கிறேன்.

ஷேட் கார்டைப் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். அதில் பளபளவென்று சுருட்டி ஒட்டியிருக்கும் கொத்துகள் பெரும்பாலும் நைலான் இழை. அந்த நிறம் உங்கள் கறுப்பு முடியின் மேல் அப்படியே விழாது. ஏற்கெனவே இருக்கும் நிறத்தின் மேல்தான் புது நிறம் உட்காரும். என் கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. என் சொந்த முடியைக் கொத்துக் கொத்தாக வெட்டி, பத்துப் பத்து நிமிஷ இடைவெளியில் ப்ளீச்சிலிருந்து எடுத்து வரிசையாக ஒட்டியிருக்கிறேன். கறுப்பில் தொடங்கி மஞ்சளில் முடியும். கலர் கேட்டு வருகிற எல்லாரையும் முதலில் அந்த அட்டை முன்னால்தான் நிறுத்துவேன். பாதிப் பேர் அங்கேயே மனசை மாற்றிக்கொள்வார்கள். எனக்கு வியாபார நட்டம்தான். ராத்திரி தூக்கம் வருகிறது.

கல்யாணப் பொண்ணிடம் இனி ஒரு துளி ப்ளீச்கூடத் தொடமாட்டேன் என்றேன். காதுக்குப் பின்னால் ஒரு கொத்து எடுத்து, இயல்பான பழுப்பு பாதி, ஆஷ் பாதி, அமோனியா இல்லாத கலரில் 10 வால்யூம் கலந்து பூசி 20 நிமிஷம் காத்திருந்தோம். கழுவி உலர்த்தியதும் காப்பிக் கொட்டை நிறம். படத்தில் இருந்த சாம்பல் நிறம் வரவில்லை, வரவும் வராது என்று சொன்னேன். முழுத் தலைக்கும் அதையே பூசும்போது, உச்சி மஞ்சளுக்கு மட்டும் கொஞ்சம் ஊதா சேர்த்தேன். "ஒண்ணரை மாசத்தில ஆரஞ்சு மறுபடியும் எட்டிப் பாக்கும் கண்ணு" என்றேன். "கல்யாணத்தன்னைக்கு எட்டிப் பாக்காதில்லக்கா?" என்றாள். பாக்காது.

எட்டிப் பார்ப்பது ஏனென்றால், மேலே பூசிய நீலம் ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போகும். அடியில் இருக்கிற ஆரஞ்சு எங்கேயும் போகாது. வெயிலும் தன் பங்குக்கு வெளுக்கும். எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடும் உண்டு, போர்த் தண்ணீரில் தலை குளிக்கிற வீடும் உண்டு. உப்புத் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு நிறம் சீக்கிரம் மங்குகிறது. கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் ஒரு குடம் எடுத்து வையுங்கள். ஆரஞ்சு தெரிந்தால் நீல ஷாம்பு, மஞ்சள் தெரிந்தால் ஊதா ஷாம்பு, வாரம் ஒரு தடவை போதும்.

மருதாணி போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மருதாணிச் சாயம் முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சிவப்பை ஆஷ் பூசி அடக்குவது லேசில்லை. கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகள் சிலவற்றில் பிபிடி என்கிற சாயப்பொருள் இருக்கிறது. உலோக உப்பு கலந்த பொடியும் உண்டு. அது முடியில் இருக்கும்போது ப்ளீச் வைத்தால் முடி சூடேறிப் பொசுங்கும். ஆகவே மூன்று வருஷம் முன்னால் போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீள முடியின் நுனியில் அது இன்னும் இருக்கும். கலர் போடுவதற்கு 48 மணி நேரம் முன்னால் தோலில் தொட்டு வைத்து அலர்ஜி பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செம்பட்டை என்பது நம் ஊரில் வசவு. எண்ணெய் காணாத தலை, வெயிலில் அலைந்த பிள்ளை, சத்தில்லாத உடம்பு என்று அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கும். சாப்பாட்டில் புரதம் குறைந்தால் குழந்தைகளின் கறுப்பு முடி செம்பட்டையாகும் என்பது மருத்துவமும் சொல்வதுதான். அந்தப் பயம் அம்மாக்களின் மனசில் இன்னும் இருக்கிறது. இளசுகள் காசு கொடுத்து முடியை வெளுக்கிறார்கள். அம்மா முகம் சுளித்ததும் மறுபடியும் காசு கொடுத்து அடக்குகிறார்கள். ஆனால் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் தேன் நிறமும் செம்பழுப்பும் எவ்வளவு பாந்தமாக இருக்கும் என்று தினமும் கண்ணாடியில் பார்க்கிறவள் நான். சாம்பல் நிறம் பலருக்கு முகத்தை வாட்டமாகக் காட்டிவிடுகிறது. உள்ளே இருக்கும் சிவப்பை முழுக்க விரட்ட வேண்டியதில்லை. பாதி அடக்கினால் போதும், அதுவே அழகு.

அந்தப் பொண்ணு கல்யாணம் முடிந்து ஆறாவது வாரம் வந்தாள். தலையில் துப்பட்டா இல்லை. ஆரஞ்சு லேசாக எட்டிப் பார்த்திருந்தது. "நீங்க சொன்ன மாதிரியேதானுங்கக்கா" என்று சிரித்தாள். அழுத அதே நிறம்தான். முன்கூட்டியே தெரிந்திருந்ததால் அழுகை இல்லை.

கலர் போடப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். போனில் படத்தைக் காட்டியதோடு விடாதீர்கள். காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதற்கு மனசில்லாத கடையில் தலையைக் கொடுக்காதீர்கள்.