பொறி வரும்வரை காத்திருப்பதா?

மேல்நிலைப் பள்ளியொன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள், தோழர்களே! சோதனைக் குழாயிலே பெயர் தெரியாத உப்பின் கரைசல். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்க்கிறான் மாணவன். வெண்ணிற வீழ்படிவு தோன்றிற்றா? முதல் தொகுதி. தோன்றவில்லையா? அமிலம் இருக்கும்போதே ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்துகிறான். வீழ்படிவு வந்தால் இரண்டாம் தொகுதி. வராவிடில் அடுத்த படி. ஆம் எனில் இவ்வழி. இல்லை எனில் அவ்வழி!

பெருஞ்சிக்கலைச் சிறு வினாக்களாகப் பிரித்தல், வேண்டாததை விலக்கல், ஒழுங்கைக் கண்டறிதல், படிகளை வரிசைப்படுத்தல்: இவற்றைத்தான் கணிமைச் சிந்தனை என்கின்றனர் அறிஞர். இது கணினி வல்லுநரின் தனிச்சொத்தன்று, அனைவர்க்கும் உரியது என 2006-இல் ஜெனட் விங் எழுதினார். பள்ளிப் பருவம் முழுதும் இதற்கு அழுத்தம் தரப்படும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் எழுதி வைத்தது.

எழுதியாயிற்று! கற்பிப்பவர் யார்? அவருக்குக் கற்பித்தவர் யார்?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! 2014-ஆம் ஆண்டு விதிகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின. அதற்கென வகுத்த பாடச் சட்டகத்திலே, தகவல் தொழில்நுட்பம் ஓரிடத்தில். அனைவரையும் அரவணைக்கும் பள்ளி என்பது வேறிடத்தில். அறிவியலைக் கற்பிக்கும் முறை இன்னோரிடத்தில். மூன்றும் மூன்று அறைகள். இடையே கதவு வைக்க மறந்தனர்!

விளைவு என்ன? அமில நிலையில் ஏன் முதலில் சோதிக்க வேண்டும் என்று எத்தனை வகுப்பறைகளில் கேட்கப்படுகிறது? கார நிலையில் அவ்வாயுவைச் செலுத்தினால் நான்காம் தொகுதியும் சேர்ந்தே வீழ்படியும். வரிசை மாறினால் விடை கெடும். இந்தக் காரணத்தைச் சொல்வதே சிந்தனைக் கல்வி. சொல்லாமல் விட்டால் அது பதிவேட்டை நகலெடுக்கும் தொழில்!

பார்வையற்ற மாணவனை எண்ணிப் பாருங்கள். நிறம் காண இயலாதவனுக்கு ஆய்வுக்கூடம் எதற்கு என மூலையில் அமர்த்துவதா? அட்டையிலே தடித்த நூலை ஒட்டி வழிப்படம் அமையுங்கள். விரலால் தடவி அறிவான். நிறத்தைத் தோழன் சொல்லட்டும். அடுத்த படியை அவன் சொல்வான்! கண் செய்வது காணல். முடிவு செய்வது அறிவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே உள்ளடக்கிய கல்வியைக் கடமையாக்கிவிட்டது. ஆசிரியப் பயிற்சி அதை அறிவியல் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாமா?

"எல்லாப் பள்ளிக்கும் கணிப்பொறி வரட்டும், பிறகு பார்ப்போம்" என்பார் சிலர். நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவர்தம் நண்பரும் 1990-களிலேயே பொறியின்றிச் சீட்டும் கயிறும் கொண்டு கணினி அறிவியலைக் கற்பிக்க வழி கண்டனர். "அது கணினி ஆசிரியர் வேலை" என்பார் வேறு சிலர். அப்படியானால் அப்பாடம் எடுத்தவனுக்கே சிந்தனை, மற்றவனுக்கு மனப்பாடமா? பொறி வேண்டாம் என்றா சொல்கிறோம்? வேண்டும், ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும்! ஆனால் பொறியில்லாத சிற்றூர்ப் பிள்ளையின் மூளைக்கு அதுவரை பூட்டுப் போடாதீர் என்கிறோம்.

நாம் கேட்பது எளிது. இருபது வாரப் பள்ளிப் பயிற்சியிலே, அறிவியல் ஆசிரியராகப் போகும் ஒவ்வொருவரும் கணிமைச் சிந்தனையோடு ஒரு பாடமேனும் நடத்தட்டும். பார்வையற்ற பிள்ளைக்கும், செவி கேளாப் பிள்ளைக்கும், மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் அதில் என்ன வழி வகுத்தார் என்று கேட்டு மதிப்பெண் இடுங்கள். வழி வகுக்கவில்லையேல் தேர்ச்சி இல்லை என்று சொல்லுங்கள்!

ஒரு பிள்ளை மூலையில் உட்கார்ந்திருக்கும்வரை, அந்த வகுப்பறையில் சோதனை முடியவில்லை, தோழர்களே!