செய்யாத வேகத்துக்கு அபராதம்



கல்யாணப் பயணம் என்றால் நம் குடும்பங்களில் ஒரே வண்டியில் முடிவதில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு கார், பெரியவர்களுக்கு ஒரு கார், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேன், சகன் தட்டுகளுக்கு ஒரு வண்டி, இளைஞர்களுக்கு ஒன்று என்று ஐந்தாறு வண்டிகள் வரிசை கட்டிப் புறப்படும். சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்து நிக்காஹுக்கும் அப்படித்தான் புறப்பட்டோம். வழி தவறாதிருக்க எல்லா வண்டிகளின் கண்ணாடியிலும் பச்சை ரிப்பன் கட்டினோம். அந்த ரிப்பனே பின்னர் ஒரு சாட்சியாக வந்து நிற்குமென அப்போது யாரும் எண்ணவில்லை.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பத்தாம் நாள் காலையில் வேன் ஓட்டுநர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். வேன் உரிமையாளருக்கு இ-சலான் வந்திருந்தது. 60 கி.மீ. வேகமே அனுமதிக்கப்பட்ட இடத்தில் வேன் 96 கி.மீ. வேகத்தில் சென்றதாகக் குற்றச்சாட்டு. அபராதம் 1,000 ரூபாய். "ஓட்டியவன் நீ, உன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்" என்று உரிமையாளர் சொல்லிவிட்டாராம்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மச்சான், "ஆயிரம் ரூபாய்தானே? கொடுத்தனுப்புங்கள். கல்யாணச் செலவோடு இதுவும் ஒன்று" என்றார். அவர் மனம் தாராளமானது. ஆனால் ஓட்டுநர் பணத்தைத் தொடவில்லை.

"பணத்துக்காக வரவில்லை பாய். இருபது வருடமாக ஓட்டுகிறேன். வண்டி நிறையப் பெண்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் போவேனா? நீங்களும் அந்த வண்டியில்தானே இருந்தீர்கள்?"

இருந்தேன். முன் இருக்கையிலேயே இருந்தேன். பாதி வழியில் பிள்ளைகள், "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போங்கள் மாமா" என்று கெஞ்சியதும், அவர் சிரித்துக்கொண்டே மறுத்ததும் நினைவில் இருந்தன. உண்மை தெரிந்திருந்தும் ஆயிரம் ரூபாயைக் கொடுத்து வாயடைப்பது உதவியாகாது என்று அப்போது உறைத்தது.

அவர் அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு வேகக் குற்றத்தைப் பற்றியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். அதே குற்றம் மறுமுறை நிகழ்ந்தால் ஓட்டுநர் உரிமமே பறிமுதலாகும். நமக்கு அது ஒரு வேளை விருந்துச் செலவு. அவருக்கோ பிழைப்பின் முதல் படி ஆட்டம் கண்டதற்குச் சமம். அபராதத்தைக் கட்டுவது குற்றத்தை ஏற்று வழக்கை முடித்துக்கொள்வதாகும். கட்டிவிட்டுப் பிறகு, "நான் செய்யவில்லை" என்றால் கேட்பாரில்லை.

ஆகவே முதலில் சீட்டிலிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வேன் தெளிவாகத் தெரிந்தது. எண் பலகையும் தெரிந்தது. படத்தின் வலது ஓரத்தில் வேனை முந்திச் செல்லும் ஒரு வெள்ளைக் காரின் முன்பகுதியும் பாதி தெரிந்தது. எண் பலகை படத்துக்குள் வரவில்லை. ஆனால் அதன் கண்ணாடியில் பச்சை ரிப்பன் பறந்துகொண்டிருந்தது.

அறையில் அமைதி நிலவியது. அந்தக் கார் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். என் தங்கை மகன் ஓட்டிவந்த கார் அது.

இந்த இடத்தில் வேகம் அளக்கும் முறையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். ரேடார் கருவி கண்ணுக்குப் புலனாகாத அலையை அனுப்புகிறது. ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து வேகம் கணிக்கப்படுகிறது. அந்த அலை நூல் பிடித்தாற்போல் செல்வதில்லை, விசிறிபோல் விரிகிறது. 12 பாகை விரியும் கதிர் 100 மீட்டர் தொலைவில் 21 மீட்டர் அகலத்தை மூடிவிடும். சாலை முழுவதும் அதற்குள் அடங்கும். இரு வண்டிகள் அருகருகே வந்தால், கிடைத்த எண் எந்த வண்டிக்குரியது என்ற ஐயம் எழுவது இயல்பே. லேசர் கருவியின் கதிரோ மிகக் குறுகியது. 300 மீட்டர் தொலைவிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமே இருக்கும். எனவே, "அளந்தது எந்தக் கருவி?" என்று கேட்பது குதர்க்கமன்று. 2021ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதியும், கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்றே வகுத்தது.

எங்களுக்கு இன்னொரு வலுவான சான்றும் கிடைத்தது. 1.10.2015 முதல் உற்பத்தியான வாடகைப் பயணி வாகனங்களில், ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் ஏற்றுபவற்றுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். அது வண்டியை 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகவிடாது. எங்கள் வேன் 17 இருக்கைகள் கொண்டது. கருவி சரியாக இயங்குவதற்கான சான்றிதழும், அண்மையில் பெற்ற எஃப்.சி.யும் உரிமையாளரிடம் இருந்தன. 80ஐத் தாண்ட இயலாத வண்டி 96இல் எப்படி ஓடும்?

சுங்கச்சாவடிகளின் ஃபாஸ்டேக் நேரங்களையும் இணைக்கலாமென ஒருவர் சொன்னார். அவை சராசரி வேகத்தை மட்டுமே காட்டும். இடையில் ஒரு நிமிடம் விரைந்ததா என்பதைக் காட்டா. வலுவற்ற சான்று வலுவுள்ளதையும் கெடுக்கும் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

எஞ்சி நின்றது ஒரே கேள்வி. படத்தில் இன்னொரு கார் இருக்கிறது என்று எழுத வேண்டும். எழுதினால், "அது யாருடையது?" என்று கேட்பார்கள். "கார் இருப்பதையே சொல்லாமல் விட்டுவிடுங்களேன்" என்று வீட்டில் ஒரு குரல் எழுந்தது. அநியாயமான அபராதம் என்று முறையிடப் புறப்பட்டவர்கள், பாதி உண்மையை மடித்து வைத்துக்கொண்டு நியாயம் கேட்பது எப்படி?

அதற்கு விடை சொன்னவன் என் தங்கை மகனேதான். மாலையில் வந்து படத்தைப் பார்த்தான். முகம் வாடிற்று.

"என் வண்டிதான் மாமா. டீக்கடையில் பின்தங்கிவிட்டேன். உங்களை எட்டிப் பிடிக்க விரட்டினேன். என் வண்டி எண்ணையும் எழுதிவிடுங்கள்."

எழுதினோம். சலான் வந்த இணையதளத்திலேயே ஆட்சேபம் தெரிவிக்க வழி இருந்தது. படம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் சான்றிதழ், எஃப்.சி., தங்கை மகனின் கையொப்பமிட்ட கடிதம் ஆகிய நான்கையும் இணைத்து, யாரையும் பழிக்காமல் ஒரே பக்கத்தில் முடித்தோம். பதில் வர ஐந்து வாரமாயிற்று. இடையில் ஓட்டுநர் இரண்டு நாள் வேலையை விட்டு அலுவலகத்துக்கு நடந்தார். இறுதியில் அவர் மீதான அபராதம் நீக்கப்பட்டது. தங்கை மகன் மீது நடவடிக்கை ஏதும் வரவில்லை. ஆனால் அவன் அந்த இரண்டு நாள் கூலியை எடுத்துக்கொண்டு ஓட்டுநரின் வீட்டுக்கே சென்று கொடுத்து, மன்னிப்பும் கேட்டு வந்தான். கல்யாணத்தில் கிடைத்த மகிழ்ச்சியைவிட எனக்கு அது பெரிதாகப் பட்டது.

கூட்டமாகப் பயணம் போகிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். முன்வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகிறது, பின்வண்டி ஐந்து நிமிடம் பிந்திவிட்டது என்றால், இடைவெளி 5 கி.மீ. பின்வண்டி 80இல் ஓடினாலும் எட்டிப் பிடிக்கக் கால் மணி நேரமாகும், 20 கி.மீ. தூரம் விரட்ட வேண்டும். முன்வண்டி ஒரு புளியமரத்து நிழலில் ஐந்து நிமிடம் நின்றால் அந்த ஓட்டமே தேவையில்லை. எனவே புறப்படுமுன் எங்கெங்கே நின்று ஒன்றுசேர்வது என்று பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் வழி தெரிந்திருக்கட்டும். கடைசி வண்டியை நிதானமானவரிடம் கொடுங்கள்.

செய்யாத குற்றத்துக்குச் சீட்டு வந்தால், "போனால் போகிறது" என்று கட்டிவிடாதீர்கள். உங்களுக்காக வண்டி ஓட்டிய ஏழையின் பெயரில் வந்தால் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். சான்றுகளைத் திரட்டி, உரிய காலத்துக்குள், பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். அந்தச் சான்று நம் வீட்டுப் பிள்ளையைச் சுட்டினாலும் அதை மறைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கிறோம். வேனுக்கு அதே ஓட்டுநர்தான். கடைசி வண்டியைத் தானே ஓட்டுவதாகத் தங்கை மகன் சொல்லியிருக்கிறான். இம்முறை மெதுவாக!