சிகரத்துக்கு ஒரு ஏணி கீழே

மும்பையின் புறநகர் ரயில் பாதை ஒன்று கசாராவில் முடிகிறது. அதற்கு அப்பால் மலை. மழைக்காலத்துச் சனிக்கிழமை இரவுகளில் கடைசி வண்டி அங்கே வந்து நிற்கும்போது, முதுகில் பையும் கையில் டார்ச்சுமாக ஒரு கூட்டம் இறங்கும். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்தவர்கள். ஞாயிறு ஒரு நாளில் மலை ஏறி, இறங்கி, திங்கள் காலை மறுபடி அதே நாற்காலிக்குத் திரும்ப வேண்டியவர்கள்.

செப்டம்பர் மாதத்து ஒரு ஞாயிறு அதிகாலை அப்படி இறங்கியவர்கள் பன்னிரண்டு பேர். ஒருவரை ஒருவர் அதற்கு முன் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் நாலு பேர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கல்லூரி மாணவிகள் மூவர், வங்கி அதிகாரி ஒருவர், புது ஷூ இன்னும் காலுக்குப் பழகாத ஒரு கணக்குத் தணிக்கையாளர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஆசிரியைக்கு வயது 59. இரண்டு ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு பாரி கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது விடியத் தொடங்கியிருந்தது.

பாரிக்கு மேலே நிற்பது கல்சுபாய். உயரம் 1,646 மீட்டர். மகாராஷ்டிரத்தில் இதற்கு மேல் சிகரம் இல்லை. தொட்டபெட்டாவின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லையே என்று தமிழ்நாட்டுக்காரர் ஏளனமாகப் பார்க்கலாம். ஆனால் தொட்டபெட்டா உச்சிவரை கார் போகிறது. இங்கே சுமார் 2,700 அடி உயரத்தைச் சொந்தக் கால்களால்தான் கடக்க வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகிய கரும்பாறை. மழையில் நனைந்தால் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். நடந்து ஏற முடியாத செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகளைப் பொருத்தியிருக்கிறார்கள்.

அவலும் டீயும் முடிந்ததும் உள்ளூர் வழிகாட்டி இளைஞர் புறப்படச் சொன்னார். முதல் ஒரு மணி நேரம் வயல்களையும் ஓடைகளையும் தாண்டி நடை. அதற்குள்ளேயே பன்னிரண்டு பேர் மூன்று கோஷ்டியாகியிருந்தார்கள். கம்ப்யூட்டர் பையன்கள் பந்தயம் போல முன்னால் ஓடினார்கள். ஆசிரியை கடைசி. பத்து அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாலும் அவர் நடையை விடவில்லை. தணிக்கையாளர் அவருக்குச் சற்று முன்னால். வேகமாகப் போக ஆசைதான், ஷூ கடித்தது.

ஓய்வுக்கு நின்ற இடத்தில் வழிகாட்டி மலையின் கதையைச் சொன்னார். கல்சு என்பவள் கோலி இனத்துப் பெண். அடிவாரத்தில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேரும்போதே நிபந்தனை போட்டாள்: பாத்திரம் தேய்க்கச் சொல்லக் கூடாது, குப்பை கூட்டச் சொல்லக் கூடாது. ஒரு நாள் அந்த வீட்டார் இரண்டையும் செய்யச் சொன்னார்கள். மறுபேச்சில்லாமல் செய்து முடித்தாள். அடுத்த கணம் மலை ஏறிவிட்டாள். பிறகு இறங்கவே இல்லை. உச்சியில் உள்ள சின்னக் கோயில் அவளுடையதுதான். நவராத்திரியில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் அங்கே திரளும்.

கதை எல்லோருக்கும் பிடித்திருந்தது. பிஸ்கட் தாள்களைப் பாறையிடுக்கில் செருகிவிட்டு எழுந்தார்கள்.

பிரச்சினை ஏணியில் வந்தது. முதல் ஏணிகளை ஆசிரியை எப்படியோ கடந்துவிட்டார். கடைசி ஏணிக்கு முன் மேகம் விலகி, பள்ளத்தாக்கு ஒரே நேரத்தில் கண்ணில் பட்டது. தூரத்தில் 1926-ல் முடிந்த வில்சன் அணையின் நீர்ப்பரப்பு. காலுக்குக் கீழே வெறும் காற்று. அவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். மேலே ஒரு படி வைக்க முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. பின்னால் ஐம்பது பேர் வரிசை. யாரோ விசில் அடித்தார்கள்.

"மாவ்ஷி, கீழே பார்க்காதீங்க. என் கையை மட்டும் பாருங்க" என்று வழிகாட்டி பேசிப் பேசி இறக்கினார். மராத்தியில் மாவ்ஷி என்றால் அம்மாவுடன் பிறந்தவள். ஒரு பாறையில் உட்கார வைத்ததும் ஆசிரியை சொன்னார்: "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"தனியா விட முடியாது. மேகம் இறங்கினா பத்தடி தூரத்தில் இருக்கிற ஆள் தெரியாது. யாராவது ஒருத்தர் கூட இருக்கணும்" என்றார் வழிகாட்டி.

யாரும் பேசவில்லை. உச்சிக்கு இன்னும் சிறிது நேரம்தான். இரவெல்லாம் தூங்காமல் வந்தது அதற்காகத்தான். கல்யாண ஜோடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பையன்கள் ஷூ நாடாவைச் சரிபார்த்தார்கள். கடைசியில் தணிக்கையாளர் பையைக் கழற்றி வைத்தார். "என் கால் வேற கொப்பளிச்சிருக்கு" என்றார். அவருக்கு இது மூன்றாவது முயற்சி என்பதும், முதல் தடவை சுளுக்கும் இரண்டாவது தடவை அடைமழையும் பாதியில் திருப்பி அனுப்பின என்பதும் மற்றவர்களுக்கு அப்போது தெரியாது.

பத்துப் பேர் மேலே போனார்கள். அலங், மதன், குலங் கோட்டை மலைகள் மேகத்துக்கு மேல் தலை நீட்டுவதைப் பார்த்தார்கள். மணி அடித்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பாறையருகே ஒரு விசித்திரக் காட்சி. ஆசிரியையும் தணிக்கையாளரும் ஒரு பழைய சாக்கில் பிளாஸ்டிக் பாட்டில்களையும் சிப்ஸ் பாக்கெட்டுகளையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சாக்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"சும்மா உட்கார்ந்தா பயம் ஜாஸ்தியாகுது" என்றார் ஆசிரியை. முப்பது வருஷம் வகுப்பறையை மேய்த்த குரல் திரும்பி வந்திருந்தது.

வழிகாட்டி சிரித்துவிட்டார். "எதைச் செய்ய மாட்டேன்னு கல்சுபாய் மலை ஏறினாளோ, அந்த வேலையை நீங்க செய்றீங்க."

பையன்களில் ஒருவன் பேசாமல் போய், காலையில் பாறையிடுக்கில் தான் செருகிய தாளைத் தேடினான்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். முழங்கால் நடுங்கும், வழுக்கல் தெரியும், ஏணியில் பள்ளம் கண்ணுக்கு நேரே நிற்கும். காலையில் பந்தயம் ஓடிய நாலு பேரில் இருவர் ஆசிரியைக்கு முன்னும் பின்னுமாக இறங்கினார்கள். ஒவ்வொரு படியிலும் அவருடைய பாதத்தைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார்கள். மற்ற இருவர் சாக்கை முறை வைத்துத் தூக்கினார்கள். இம்முறை மூன்று கோஷ்டி இல்லை.

பாரியில் ஒரு வீட்டுத் திண்ணையில் பிட்லாவும் சூடான பாக்ரியும் காத்திருந்தன. வார இறுதிக் கூட்டத்துக்குச் சமைத்துப் போடுவது இங்குள்ள பல குடும்பங்களுக்கு வருமானம். பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தணிக்கையாளர் ஷூவைக் கழற்றியபோது இரண்டு குதிகால்களிலும் தோல் உரிந்திருந்தது. அப்போதுதான் மூன்று முயற்சிகளின் கதையும் வெளியே வந்தது.

கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஆசிரியை கேட்டார்: "அடுத்த தடவை எப்போ?"

"பிப்ரவரி. மழை இருக்காது, வழுக்காது" என்றார் அவர். "நீங்களும் வரணும். அந்த ஏணி ரெண்டு பேருக்குமே பாக்கி இருக்கு."