தந்தைக்குப் பிள்ளை தரும் பரிசு

சென்ற கிழமை இப்பகுதியில் பிள்ளைகளின் விடுமுறைப் பொழுது பற்றிச் சில கூறினோம். அப்பொழுதின் ஒரு சிறு பகுதியைப் பயனுள்ளதாக்கும் வழியொன்றை இக்கிழமை எடுத்துக்கொள்வோம். ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் தம் தந்தையார்க்குத் தம் கையாலேயே செய்து கொடுக்கத்தக்க எளிய பொருள்கள் சில உள. அவற்றைப் பற்றியே இங்குக் கூறப்புகுகின்றோம்.

ஆனி மாதத்தையொட்டித் தந்தையர் தினம் என்று ஒன்று இப்போது நம் ஊர்களிலும் பேசப்படுகின்றது. அமெரிக்காவில், தாயை இழந்த பிள்ளைகளை வளர்த்தெடுத்த தம் தந்தையைப் போற்ற விரும்பிய சொனோரா டொட் என்னும் அம்மையாரின் முயற்சியால், 1910ஆம் ஆண்டு யூன் 19ஆந் திகதி ஸ்போக்கேன் நகரில் அது கொண்டாடப்பெற்றது. 1972ஆம் ஆண்டில் சனாதிபதி நிக்சன் அதனைச் சட்டமாக்கினார். யூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு அதற்குரிய நாள். அந்நாளைக் கொண்டாடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். தந்தையின் பிறந்தநாளாயினும், தைப்பொங்கலாயினும், வேறெந்த நாளாயினும் பிள்ளையின் அன்பு வெளிப்படுவதற்கு ஏற்ற நாளே.

நம் வீடுகளிலே தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள நெருக்கம் சொல்லாமலே விளங்குவது. தந்தையின் நிலை அத்தகையதன்று. அவர் விடியற்காலையில் வெளியே சென்று, இருள் சூழ்ந்தபின் திரும்புகின்றார். அவருடைய அன்பு பாடசாலைச் சப்பாத்தாகவும், தனியார் வகுப்புக் கட்டணமாகவும், மழைக்குக் குடையாகவும் பிள்ளையிடம் வந்து சேர்கின்றதேயன்றிச் சொல்லாக வருவது அரிது. சில பிள்ளைகள் தந்தையைத் தேர்ச்சி அறிக்கையின் அடியில் இடப்படும் கையொப்பமாகவே அறிவர். இவ்விடைவெளியைக் கடையில் வாங்கிய பொருள் நிரப்பமாட்டாது. தந்தையின் பணத்தைக் கொண்டே வாங்கிய பரிசு, அவருடைய பணம் வண்ணத்தாள் சுற்றிக்கொண்டு அவரிடமே திரும்பி வருவது போன்றது. பிள்ளை தனக்கென உடையவை அதன் பொழுதும் கையுழைப்புமே. அவ்விரண்டையும் கொடுக்கும்போதுதான் அது தன்னுடையதைக் கொடுக்கின்றது.

முதலாவதாக, பனையோலையாற் செய்யும் புத்தகக் குறியைக் கூறலாம். பஞ்சாங்கம், திருமுறை, நாவல் என எதனையேனும் வாசிக்கும் தந்தையார்க்கு இது பயன்படும். குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, வெயிலில் உலர்த்தி, ஆறு அங்குல நீளமும் ஓர் அங்குல அகலமும் உள்ள துண்டாக நறுக்கிக் கொடுப்பது பெரியோர் வேலை. நறுக்கிய துண்டைத் தடித்த புத்தகம் ஒன்றின் நடுவே ஓரிரவு வைத்தால் வளைவு நீங்கும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் அதன்மேல் மைப்பேனாவால் அப்பா என்றோ ஐயா என்றோ தாம் அழைக்கும் முறைப்படி எழுதி, ஒரு பூவோ மீனோ வரைந்தாற் போதும். மேல்முனையில் ஒரு துளையிட்டு வண்ணநூல் கோத்துவிடலாம்.

எட்டு வயதிற்கு மேற்பட்டோர் முன்னோர் எழுதிய முறையையே செய்து பார்க்கலாம். எழுத்தாணிக்குப் பதிலாகக் கவராயத்தின் முனையைக் கொண்டு, பெரியவர் ஒருவர் அருகிருக்க, ஓலை கிழியாவண்ணம் மெல்லக் கீறுதல் வேண்டும். பின் விளக்குக் கரியை இரண்டு துளி தேங்காயெண்ணெயிற் குழைத்துப் பூசி, பழந்துணியால் துடைத்துவிட்டால், கீறிய பள்ளங்களில் மட்டும் கரி தங்கி எழுத்துகள் கருமையாய்த் துலங்கும். எண்ணெய்ப் பசை புத்தகத்திற் படாதிருக்க, ஒரு நாள் துணியிற் சுற்றி வைத்த பின்னரே கொடுத்தல் நன்று. புள்ளியிடும்போது ஓலை துளைபடுவதைப் பிள்ளை கண்டால், பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படாமைக்குரிய காரணத்தை அதற்குச் சொல்லலாம். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இத்தகைய ஏடுகளை ஆராய்ந்தே பழைய நூல்களை அச்சிற் பதிப்பித்தனர் என்பதையும் கூறினால், கைவேலை கல்வியாகவும் மாறும். பனையில்லாத மலைநாட்டிலும் கொழும்பிலும் வாழ்வோர் தடித்த கடதாசி மட்டையைக் கொள்ளலாம்.

இரண்டாவது, சிரட்டைக் கிண்ணம். வேலையால் வந்ததும் தந்தையார் சட்டைப்பையிலுள்ள சில்லறையையும் திறப்பையும் வைப்பதற்கு இடந் தேடுவார். காலையில் அவற்றைக் காணாது வீடு முழுவதும் தேடுவார். அதற்கு இது மருந்து. தேங்காயின் கண்ணில்லாத பாதியை எடுத்துக்கொள்க. கண்ணுள்ள பாதியில் ஒரு கண் மென்மையானது. அது விரைவில் துளையாகிவிடும். வெளிப்புறத்து நாரை நீக்கிச் சுரண்டித் தருவது பெரியவர் கடன். பின்னர் தேய்க்கும் தாளினால் உள்ளும் புறமும் தேய்ப்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடலாம். ஒருநாளில் முடிக்கவேண்டும் என்பதில்லை. நாள்தோறும் சிறிது நேரம் தேய்த்தால், சில நாள்களிற் சிரட்டை வழவழப்பாகும். ஈற்றில் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைக்கக் கருங்காலிபோல் மினுங்கும். உருளாமல் நிற்பதற்குப் பழைய காப்பு ஒன்றின்மேல் அதனை ஒட்டிவிடலாம். ஓடியாடித் திரியும் பிள்ளைக்குப் பொறுமை கற்பிக்க இதைப் போன்ற வேலை அரிது.

மூன்றாவது, கணக்கெழுதும் சிறு கொப்பி. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். எனினும் ஆண்டு முடிவில், பாதி எழுதாத அப்பியாசக் கொப்பிகளை எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே நீங்கவில்லை. அவற்றின் வெற்றுத்தாள்கள் எட்டினை எடுத்து ஒன்றாக மடித்து, பழைய நாட்காட்டி மட்டையை மேலுறையாக வைத்து, மடிப்பின்மேல் மூன்று துளைகள் இடவேண்டும். ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே செலுத்தி, மேல்துளையால் உள்ளே கொண்டுவந்து, கீழ்த்துளையால் மீண்டும் வெளியே விட்டு, நடுத்துளையால் உள்ளே எடுத்து, நூலின் இரு முனைகளையும் உள்ளே ஓடும் நீண்ட நூலைச் சுற்றி முடிந்துவிட்டால் கொப்பி ஆயத்தம். முதற்பக்கத்திற் பிள்ளை ஒரு வரி எழுதட்டும். என்ன எழுதுவது என்று தாயார் சொல்லிக் கொடுக்கலாகாது.

இங்கே பெற்றோர்க்கு ஒன்று கூறவேண்டும். பாடசாலைக் கண்காட்சிகளிலே மிகவும் அழகிய கைவேலைகளைக் காண்கின்றோம். ‘இதனை எவ்வாறு செய்தாய்?’ என்று பிள்ளையைக் கேட்டால், அது தலைகுனிந்து நிற்கின்றது. செய்தவர் தாயார், பெயர் பிள்ளையினுடையது. பரிசு கிடைத்தாலும் அப்பிள்ளைக்கு மகிழ்ச்சியில்லை. தன் கை போதாது என்னும் எண்ணமே அதன் உள்ளத்தில் நிலைக்கின்றது. எழுத்துக் கோணியிருப்பின் கோணியே இருக்கட்டும். நூல் முடிச்சு வெளியே தெரியின் தெரியட்டும். கத்தி, தீ, கூர்முனை ஆகியவற்றிலிருந்து காப்பது பெற்றோர் கடமை. அழகு குறைவிலிருந்து காப்பது அவர் கடமையன்று.

ஆசிரியர்களும் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் தந்தையரும் மாலையில் வீடு திரும்புவோர் அல்லர். சிலர் கட்டாரிலும் குவைத்திலும் உழைக்கின்றனர். அவர்க்கு ஓலைக் குறி கடித உறையினுள் வைத்து அனுப்பத்தக்கது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே தந்தையரை இழந்த பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டனர். ஆயினும், நோயாலும் விபத்தாலும் குடும்பப் பிரிவாலும் தந்தையின்றி வாழும் பிள்ளைகள் நம் முன்னே இன்றும் அமர்ந்திருக்கின்றனர். ஆதலால், ‘அப்பாவுக்குச் செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கட்டளையிடாது, ‘உங்களை அன்போடு வளர்ப்பவர்க்குச் செய்யுங்கள்’ என்று கூறுவதே முறை. பேரனார்க்கோ, மாமனார்க்கோ, தந்தையின் இடத்திலும் நின்று உழைக்கும் தாய்க்கோ பிள்ளை செய்யட்டும். மறைந்த தந்தைக்கே செய்வேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதனைத் தடுத்தலும் ஆகாது. அவருடைய படத்தின் முன்னே வைக்கப்படும் ஓர் ஓலைத்துண்டு வீண் பொருளன்று.

இறுதியாகத் தந்தையர்க்கு ஒரு சொல். இத்தகைய பரிசு உங்கள் கைக்கு வருமாயின், ‘நல்லது’ என்று கூறி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கிண்ணத்திற் சில்லறையைப் போடுங்கள். கொப்பியிற் பால்கணக்கை எழுதுங்கள். வாசித்த பக்கத்திற் குறியை வையுங்கள். பிள்ளை வாயால் ஒன்றும் கேளாது. ஆனால் மறுநாட்காலை அப்பொருள் எங்கே இருக்கின்றது என்று அதன் கண்கள் தேடும். தன் கையாற் செய்த ஒன்று தந்தையின் நாளாந்த வாழ்விலே இடம்பெற்றுவிட்டது என்று காணும் பிள்ளை, தனக்கும் அவர் உள்ளத்தில் இடமுண்டு என்பதை வேறொருவர் சொல்லாமலே அறிந்துகொள்ளும்.