வேலையும் உண்டு, ஓட்டமும் உண்டு!

மாரத்தான் ஓட்டம் என்றால் 42 கிலோ மீட்டர். சரியாகச் சொன்னால் 42.195 கிலோ மீட்டர். அதில் பாதி ஓடினால் அரை மாரத்தான். அதாவது 21 கிலோ மீட்டரும் கொஞ்சமும்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். மதுரை ரோட்டில் சின்னாளப்பட்டிக்குப் போங்கள். ஒரு சுங்குடிச் சேலை என்ன விலை என்று கேளுங்கள். திரும்பி வாருங்கள். ஏறக்குறைய அரை மாரத்தான் முடிந்தது! போவதும் வருவதும் ஓட்டமாக இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

"அதற்கெல்லாம் எனக்கு ஏது நேரம்?" என்பீர்கள். மில்லில் ஷிப்டு மாறி மாறி வருகிறது. மதுரைக்குத் தினமும் பஸ் ஏறிப் போகும் குமாஸ்தாவுக்கு வீடு திரும்ப இரவாகிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுபோகிறவருக்கு ராத்திரிதான் பகல். இவர்கள் எப்போது ஓடுவது?

நியாயமான கேள்விதான். ஆனால், நம் நாட்டிலேயே இதற்குப் பதில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார்.

முட்டி போனது, ஓட்டம் வந்தது

அவர் மா. சுப்பிரமணியன். 1959-ல் பிறந்தவர். 2006 முதல் 2011 வரை சென்னை மேயராக இருந்தார். 2021 மே மாதம் தமிழக சுகாதார அமைச்சர் ஆனார். அவருடைய கட்சி அரசியல் நமக்கு இங்கே வேண்டாம். அவருடைய கால்களைப் பற்றி மட்டும் பேசுவோம்.

2004-ல் ஒரு சாலை விபத்தில் அவருக்கு முழங்காலில் பலத்த அடி. சர்க்கரை வியாதியும் உண்டு. இப்படிப்பட்டவர், 50 வயதைத் தாண்டிய பிறகு ஓட ஆரம்பித்தார். 100 அரை மாரத்தான்களுக்கு மேல் ஓடி முடித்தார்! "ஓடலாம் வாங்க" என்று புத்தகமும் எழுதினார்.

அமைச்சர் வேலை என்றால் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. போன ஊரில் விடிவதற்குள் எழுந்து ஓடிவிடுவார். ஓடும் வழியில் அரசு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, டாக்டர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா என்று பார்த்த செய்தியும் பத்திரிகைகளில் வந்ததுண்டு.

"அமைச்சருக்கு என்ன? முன்னால் ஆள், பின்னால் ஆள். காபி கொடுக்க ஒருவர், கார் கதவைத் திறக்க ஒருவர்!" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் தவறு இல்லை. அதனால், ஆள் அம்பு இல்லாத ஒரு குமாஸ்தாவைப் பார்ப்போம்.

குமாஸ்தா ஜெயித்தார்

அவர் பெயர் யூகி கவாவுச்சி. ஜப்பான் நாட்டில் சைதாமா என்ற மாகாணத்தில், ஒரு அரசுப் பள்ளியின் ஆபீசில் வேலை. பகல் ஒரு மணி வாக்கில் தொடங்கி இரவு ஒன்பது மணிக்கு மேல் முடியும் வேலை. மற்ற வீரர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பயிற்சி செய்வார்கள். இவருக்குக் கிடைத்தது காலை நேரம் மட்டும்தான். ஆகவே ஒரே தடவை ஓடினார்.

நீண்ட பயிற்சிக்கு என்ன செய்தார்? லீவு நாளில் எந்த ஊரில் பந்தயம் நடந்தாலும் அங்கே போய் ஓடினார். பந்தயமே அவருக்குப் பயிற்சி!

பிரயாணத்தில் அவர் பட்ட பாடும் கொஞ்சம் அல்ல. 2013-ல் எகிப்து நாட்டுக்கு ஓடப் புறப்பட்டார். பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டார்! விமானம் போய்விட்டது. சொந்தக் காசில் வேறு டிக்கெட் வாங்கிப் போனார். பந்தயத்தில் ஜெயித்தார்.

2018 ஏப்ரலில் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் நடந்தது. கொட்டும் மழை. நடுக்கும் குளிர். எதிர்க்காற்று வேறு. உலகப் பெயர் பெற்ற வீரர்கள் பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். குமாஸ்தா நிற்கவில்லை. 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார்! மறு ஆண்டுதான் அரசு வேலையை விட்டு முழுநேர வீரர் ஆனார்.

இவரிடம் நான் கவனித்தது, மற்றவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடாததுதான். கையில் இருந்த ஒரு வேளையைச் சரியாகப் பயன்படுத்தினார்.

நம் ஊருக்கு ஏற்றபடி

நமக்குப் பாஸ்டன் வேண்டாம். உடம்பு நன்றாக இருந்தால் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை, அல்லது 75 நிமிடம் ஓட்டம் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீண்ட தூரம் ஓட ஆசைப்படுகிறவர், வார நாட்களில் இரண்டு அல்லது மூன்று நாள் அரை மணி நேரம் ஓடட்டும். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அதிகமாக ஓடட்டும். இந்த வாரம் 5 கிலோ மீட்டர் என்றால் அடுத்த வாரம் ஐந்தரை. ஒரேயடியாகப் பத்துக்குத் தாவினால் முழங்கால் பழிவாங்கும்.

வெயில் ஏறிவிட்டால் நம் ஊர் வெயில் யாரையும் விடாது. காலை 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும். முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. நெஞ்சு வலித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

வெளியூர் போகிறவர்கள் பையில் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள். புது ஊரில் வழி தெரியாதே என்று பயம் வேண்டாம். லாட்ஜ் வாசலில் இருந்து நேராக 15 நிமிடம் ஓடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வந்த வழியே திரும்புங்கள். அரை மணி முடிந்தது. வழியும் தப்பாது.

ஆனால், ராத்திரி முழுவதும் பஸ்ஸில் தலை ஆடிக்கொண்டே வந்தவர் காலையில் ஓட வேண்டாம். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவரும் அப்படியே. தூக்கத்தைத் திருடி ஓடுவது பயிற்சி அல்ல. அன்று படுத்துத் தூங்குங்கள். கவாவுச்சிக்கு வேலை இரவு ஒன்பதுக்கு முடிந்தது; அதனால் காலையில் ஓடினார். உங்களுக்கு வேலை காலையில் முடிந்தால் மாலையில் ஓடுங்கள்.

வீட்டில் யார் வேலை செய்வது?

இதுவரை சொன்னதெல்லாம் எளிது. இனிமேல் சொல்லப்போவதுதான் கசப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை, கணவன் இரண்டு மணி நேரம் ஓடப் போகிறார். அந்த நேரத்தில் தண்ணீர் பிடித்தது யார்? பிள்ளையைக் குளிப்பாட்டியது யார்? இட்லிக்கு அடுப்பு மூட்டியது யார்? மனைவி! ஆக, "நேரம் கிடைத்தது" என்று கணவன் சொல்வது மனைவியின் நேரம். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? ஒரு நாள் அவர் ஓடினால் மறுநாள் அடுப்படி அவர் பொறுப்பு. மனைவி செருப்பை விட்டு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பட்டும்.

பெண்ணால் இவ்வளவு தூரம் ஓட முடியாது என்று உலகமே நெடுங்காலம் சொல்லி வந்தது. ஒலிம்பிக் பந்தயத்தில் பெண்கள் மாரத்தான் வந்ததே 1984-ல்தான்.

சரி, மனைவி கிளம்பிவிட்டார். எங்கே ஓடுவார்? அதிகாலை இருட்டில் நால்வழிச் சாலையிலா? லாரி ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். 2023 நவம்பர் 4-ந் தேதி, மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோ மீட்டர் நடைபாதைத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஒரு மாவட்டத்துக்கு ஒரு பாதை எந்த மூலைக்கு? வேடசந்தூர்க்காரரும் நிலக்கோட்டைக்காரரும் விடியற்காலை பஸ் ஏறி வந்தா நடப்பார்கள்?

ஊருக்கு ஊர் அரசுப் பள்ளி மைதானம் இருக்கிறது. காலை 5 மணி முதல் 7 மணி வரை அது சும்மாதான் கிடக்கிறது. கேட்டைத் திறந்துவிடட்டும். நான்கு மூலையிலும் விளக்குப் போடட்டும். ஒரு காவலாளியை நிறுத்தட்டும். பள்ளி மணி அடிப்பதற்குள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மைதானத்தைச் சுற்றி 400 மீட்டர் இருந்தால் 25 சுற்றுக்கு 10 கிலோ மீட்டர். சின்னாளப்பட்டி கிட்டத்தட்ட வந்துவிட்டது!