கார்டு செத்துவிட்டதா, சாப்பாடு போதவில்லையா?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் சூலியா தெருவுக்குள் காரைக் கொண்டுபோனது என் தவறுதான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் இருபது நிமிடம் நின்றேன். நண்பர் பாய் கடையின் மாடியில் அவர் மகளின் கணினி காத்துக்கொண்டிருந்தது. கட்டடக்கலை இறுதியாண்டு மாணவி. திங்கட்கிழமை காலை திட்டப்பணியை ஒப்படைக்க வேண்டும்.

"மாமா, ரெண்டர் போட்டா பத்து நிமிஷத்துல ஸ்கிரீன் கறுத்துடுது. ஃபேன் மட்டும் பேய் மாதிரி கத்துது."

ஒரு கடையில் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிதுக்கு 1,800 ரிங்கிட் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். பாய் என்னைப் பார்த்தார். "வாங்கிடலாமா தம்பி? புள்ளைக்குப் படிப்பு கெடக் கூடாது."

வாங்க வேண்டாம் என்று உடனே சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதலில் மானிட்டர் கேபிளை மாற்றினேன், பலனில்லை. அடுத்து விண்டோஸுக்குள் போகாமல் பயாஸ் திரையிலேயே இருபது நிமிடம் விட்டேன். இது காசில்லாத, நல்ல சோதனை. அங்கேயே வண்ணக் கட்டங்களும் கோடுகளும் தெரிந்தால் விண்டோஸையோ டிரைவரையோ குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் கார்டின் சிப்போ நினைவகமோதான் கெட்டிருக்கும். இங்கே திரை பளிச்சென்று இருந்தது.

பிறகு சேஃப் மோடில் பழைய டிரைவரை முழுதாக நீக்கிப் புதிதாகப் போட்டேன். மறுபடியும் கறுப்பு. வெப்பத்தைப் பார்த்தால், திரை அணைந்த நொடியில் 68 டிகிரிதான். அது கார்டு சாகும் சூடு அல்ல.

ஆக, வேலை இல்லாதபோது நன்றாக இருக்கிறது, முழு வேலை கொடுத்தால் அணைகிறது, சூடும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் பார்ப்பது பவர் சப்ளையைத்தான்.

பெட்டியைத் திறந்தேன். கார்டு சென்ற ஆண்டு வாங்கியது. 500 வாட் பவர் சப்ளையோ அதற்குப் பல ஆண்டு மூத்தது. கார்டில் எட்டு முனை இணைப்பு இரண்டு. ஒவ்வொன்றும் 150 வாட் வரை தருவதற்கென்று வகுக்கப்பட்டது. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும். ஆனால் இங்கே இரண்டு இணைப்பும் ஒரே கேபிளிலிருந்து கிளை பிரிந்து வந்திருந்தன. இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே தட்டில் வைத்த கதை. ஒரு பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருந்தது. புதிய கார்டுகள் ரெண்டரின்போது கண்ணிமைக்கும் நேரத்துக்குச் சராசரியைவிட மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும். கிழட்டுப் பவர் சப்ளை அங்கேதான் கையை விரிக்கும்.

வீட்டுக்குப் போய் என் 750 வாட் பவர் சப்ளையைக் கழற்றி வந்தேன், அதன் சொந்தக் கேபிள்களோடு. இதை மறக்காதீர்கள்: கழற்றி மாட்டும் கேபிள்கள் ஒரே மாதிரி தெரியும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே இணைப்பு மாறும். ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகினால் நல்ல கார்டும் புகைந்துவிடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டு தனிக் கேபிள் போட்டு ரெண்டரை ஓட விட்டோம். பத்து நிமிடம் தாண்டியது. அரை மணியும் தாண்டியது. பாய் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

எல்லாக் கதையும் இப்படி முடியாது. கார்டே கெடுவதும் உண்டு. சிப்பின் அடியில் இருக்கும் நுண்ணிய ஈய உருண்டைகள் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி விரிசல் விடும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் மடிக்கணினி சிப்களில் வந்த இத்தகைய குறைக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அப்போது பலர் கார்டை அடுப்பில் வைத்துச் சுட்டார்கள். சில வாரம் ஓடும், பிறகு மறுபடி படுக்கும். ரொட்டி சுடும் அடுப்பில் அந்தப் புகை வேண்டாம். உத்தரவாதம் இருக்கிறதா என்று பில்லைத் தேடுங்கள்.

இதைச் சொன்னதும் பாயின் மனைவி சிரித்தார். கல்யாணத்துக்கு முன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நுண்ணோக்கி வழியே சிப்புக்குக் கம்பி இணைத்தவர். இன்டெல்லும் ஏஎம்டியும் 1972-இல் பினாங்கில் கால் பதித்த பிறகு, இந்தத் தீவில் அப்படி ஓர் அக்காவோ அத்தையோ இல்லாத தெரு குறைவு. "அப்பவும் முதல்ல கரண்ட்டைத்தான் பார்ப்போம்" என்றார். முதலிலேயே அவரைக் கேட்டிருக்கலாம்.

ஞாயிறு இரவு ரெண்டர் முடிந்தது. மறுவாரம் 320 ரிங்கிட்டுக்குப் புதிய பவர் சப்ளை வாங்கி, என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழையதைக் கடையின் பில்லிங் கணினிக்குப் போடலாமா என்று பாய் கேட்டார். கூடாது என்றேன். பழுப்பேறிய பிளக்கைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.